கொட்டகையில் பழைய பூச்சி மருந்து: அரசு வாங்கிக்கொள்ளுமா, அபராதம் போடுமா?

கேள்வி (பிப்ரவரி 9)

வாஷிங்டன் மாநிலம், யாக்கிமா பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஆறு ஏக்கர், பட்டுப்போன ஆப்பிள் மரங்கள், பின்னால் ஒரு மரக்கொட்டகை. உள்ளே முப்பது நாற்பது டப்பா, சில மூட்டைகள். பாதிக்கு லேபிளே இல்லை. இதையெல்லாம் மாநில அரசே இலவசமாக வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர், முகவரி கொடுத்தபின் "தடை செய்த மருந்தை ஏன் வைத்திருந்தாய்" என்று அபராதம் வராதா? கேட் லிட்டரில் (பூனை கழிக்க வைக்கும் உறிஞ்சு மண்) ஊற்றிக் கறுப்புப் பையில் கட்டி, வாரம் ஒன்றாகக் குப்பையில் போட்டுவிடு என்கிறார் நண்பர். இங்கே யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

பதில் (பிப்ரவரி 9, இரவு)

குப்பையிலும் போட வேண்டாம், சிங்கிலும் ஊற்ற வேண்டாம், அந்த நண்பர் பேச்சையும் கேட்க வேண்டாம். அபராதம் வராது. நான் கொடுத்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன். விவரம் நாளைக்கு.

பிப்ரவரி 10

நாங்கள் இருப்பது வெனாட்சி பக்கம். எங்கள் கதையும் ஏறக்குறைய இதேதான். வீடு வாங்கினோம், கொட்டகை கூடவே வந்தது, கொட்டகைக்குள் இருந்தது யாரும் சொல்லாமலே வந்தது. விற்றவர் தோட்டக்காரரின் மகன். அப்பா இறந்து பல வருடமாகக் கொட்டகைப் பூட்டையே திறக்கவில்லை என்றார். உள்ளே போனபிறகு ஏன் திறக்கவில்லை என்று புரிந்தது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

முதலில் ஒரு குப்பைக் கிடங்குக்குப் போன் செய்தேன். வீட்டு உபயோக பெயின்ட், ஸ்பிரே என்றால் சரி, தோட்டத்து மருந்தென்றால் வாங்க மாட்டோம் என்றார்கள். போனை எடுத்த பெண்தான் மாநில வேளாண் துறையின் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். 1988 முதல் நடக்கிறதாம். விவசாயியோ வீட்டுக்காரரோ மருந்துக் கடைக்காரரோ, தன்னிடம் வேண்டாமல் கிடக்கும் மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். காசு வாங்க மாட்டார்கள். ஆனால் முன்கூட்டியே பட்டியல் அனுப்பியாக வேண்டும்.

படிவத்தில் மருந்தின் பெயர், லேபிளில் பதிவு எண் இருந்தால் அது, எவ்வளவு, தூளா திரவமா, டப்பா எந்த நிலைமையில் இருக்கிறது என்று கேட்பார்கள். தெரியாததற்கு "தெரியவில்லை" என்று எழுதலாம். நான் பதினொரு வரியில் அப்படி எழுதினேன். பள்ளிக்கூடப் பரீட்சையில்கூட இவ்வளவு நேர்மையாக எழுதியதில்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். லாரியில் எவ்வளவு இடம் வேண்டும், எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு முன்பே தெரிய வேண்டாமா? கொண்டுவருகிறவனைப் பிடித்து அபராதம் போட்டால் அடுத்த வருடம் ஒருவரும் வர மாட்டார்கள், எல்லாம் ஓடையில்தான் போகும். அது அவர்களுக்கும் தெரியும்.

கொண்டுபோய்க் கொடுத்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தாத்தாவின் பிக்கப்பில் என்னிடம் இருந்ததைப் போல மூன்று மடங்கு. "எல்லாம் என் அப்பா வாங்கியது, நான் தொட்டதே இல்லை" என்றார். அந்த வரிசையில் பேசியவர் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும்தான். என்ன, நான் வேறொருவருடைய அப்பாவைச் சொன்னேன்.

பிப்ரவரி 12

"இலவசம் என்று எதுவும் கிடையாது, யாரோ கொடுக்கிறார்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

1988 நவம்பரில் வாஷிங்டன் வாக்காளர்கள் ஒரு சட்டத்துக்கு நேரடியாக வாக்களித்தார்கள். முன்மொழிவு எண் 97. ஆபத்தான பொருளை மாநிலத்துக்குள் முதலில் கையில் வைத்திருப்பவர் அதன் மொத்த விலையில் 0.7 சதவீதம் வரி கட்ட வேண்டும். பெட்ரோலியத்துக்கு இப்போது கணக்கு வேறு, பூச்சி மருந்துக்கு அதே 0.7தான். நூறு டாலர் மருந்துக்கு எழுபது சென்ட். அந்த வரிப் பணத்திலிருந்துதான் இந்தச் சேகரிப்பு நடக்கிறது. ஆக, மருந்து கடைக்கு வரும்போதே அதன் ஈமச்சடங்குக்கும் காசு எடுத்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே இந்த ஏற்பாடுதான்.

இது வாஷிங்டன் மட்டும் செய்வதில்லை. முதலில் ஆரம்பித்தது வட கரோலைனா, 1980இல். பின் ஒவ்வொன்றாக மற்ற மாநிலங்களும் வந்தன. பல இடங்களில் "கிளீன் ஸ்வீப்" என்று பெயர். பென்சில்வேனியாவில் "கெம்ஸ்வீப்", வட டகோட்டாவில் "சேஃப் செண்ட்". 2000ஆம் ஆண்டு வரைக்கும் 46 மாநிலங்கள் சேர்ந்து 2.4 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கியிருக்கின்றன. நம் கணக்கில் பதினோராயிரம் டன். அவ்வளவும் யாரோ காசு கொடுத்து வாங்கி, அடிக்காமல் வைத்திருந்தது.

பிப்ரவரி 12, அரை மணி கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் எல்லா மாநிலத்திலும் இலவசம் போலத் தெரிகிறது. அப்படியில்லை. சில இடங்களில் ஓர் அளவு வரைக்கும்தான் சும்மா வாங்குவார்கள், கடைக்காரர்களிடம் கட்டணம் கேட்கும் இடமும் உண்டு. ஒவ்வொரு வருடமும் நடக்காத இடங்களும் உண்டு. டெக்சஸில் இருந்து கேட்டவர் தன் மாநிலத் துறையிடம் கேட்டுக்கொள்ளவும்.

பிப்ரவரி 15

பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் கொட்டகையைச் சரியாகப் பார்த்தேன். கீழடி மாதிரி அடுக்கடுக்காக இருந்தது.

ஆப்பிளுக்குள் துளைத்துப் போகும் ஒரு புழு உண்டு, காட்லிங் என்கிற அந்துப்பூச்சியின் புழு. இந்தப் பள்ளத்தாக்கின் மருந்து வரலாறு முழுக்க அந்த ஒரு புழுவோடு நடந்த சண்டைதான். அடியில் கிடந்தது லெட் ஆர்சனேட், அதாவது ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த தூள். இரண்டாம் உலகப் போர் முடிகிற வரை இதைத்தான் அடித்தார்கள். அதற்கு மேல் அடுக்கில் டிடிடி, 1972இல் தடையானது. அப்புறம் அசின்ஃபாஸ் மெத்தில், அதையும் 2012இல் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மருந்து போய் இன்னொன்று வந்தபோது, மிச்சம் இருந்த அரை டப்பாவைத் தோட்டக்காரர் தூக்கிப் போடவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் புதியதை வைத்தார். இதில் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. எங்கள் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை.

கீழ்த் தட்டு ஒன்றில் மண்டையோடு போட்ட ஒரு கேன் இருந்தது. பாராதியான். பெயர் எனக்கு உறைக்கவில்லை. இரவில் தேடிப் பார்த்தபோது, இது ஃபாலிடால் என்ற பெயரிலும் விற்றதாக இருந்தது.

ஃபாலிடால். நம் பால்டாயில்!

நான் ராஜபாளையம் பக்கத்துப் பருத்திக்காட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் எந்த மருந்து டப்பாவாக இருந்தாலும் பால்டாயில்தான். "ஆயில்" என்று முடிவதால் அது ஏதோ எண்ணெய் வகை என்று பத்தாவது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், யார் வீட்டில் என்று கேட்கத் தேவையிருக்காது. அதே சாமான் எட்டாயிரம் மைல் தள்ளி என் கொட்டகையில், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய சொத்தாக. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

அமெரிக்காவில் பழத்தோட்டங்களில் அதை அடிப்பது 1991இல் நின்றது. நம் பக்கத்தில் 1958இல் கேரளத்தில் நடந்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கப்பலில் கோதுமை மாவும் ஃபாலிடாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, மாவில் மருந்து கசிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு அதுதான் காரணம்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவருக்கு அவசரமாக: "மூட்டையில் வெள்ளைத் தூள், சுண்ணாம்பாகத்தான் இருக்கும், வேலிக்கு அடிக்கலாமா" என்கிறீர்கள். தொடவே தொடாதீர்கள். பழைய லெட் ஆர்சனேட் பார்க்க மாவு மாதிரிதான் இருக்கும்.

பக்கத்து மாநிலமான ஓரிகனில், சேலம் என்ற ஊரில் (ஆமாம், சேலம்தான், மாம்பழம் கிடையாது) மாநில மனநல மருத்துவமனையில் 1942 நவம்பரில் கரப்பான்பூச்சித் தூளைப் பால் பவுடர் என்று நினைத்து முட்டைப் பொரியலில் கலந்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். அது சோடியம் ஃப்ளோரைடு, அதுவும் வெள்ளைதான். 1947இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம் சோடியம் ஃப்ளோரைடு, லெட் ஆர்சனேட் போன்ற வெள்ளைத் தூள்களுக்கெல்லாம் கட்டாயம் நிறம் ஏற்ற வேண்டும் என்றது. என் கொட்டகையில் இரண்டும் இருந்தன: ஒரு மூட்டை வெள்ளை, ஒரு மூட்டை பஞ்சுமிட்டாய் நிறம். வெள்ளை மூட்டை அந்தச் சட்டத்துக்கு முந்தியதாக இருக்கும் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 19

கட்டுவது, ஏற்றுவது பற்றி:

ஒரு டப்பாவில் இருப்பதை இன்னொன்றில் ஊற்றாதீர்கள். இடத்தை மிச்சம் பிடிக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. எதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. ஒழுகும் டப்பாவை அப்படியே ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் இறக்கி, சுற்றிலும் கேட் லிட்டரைப் போட்டு மூடிவிடுங்கள். உங்கள் நண்பர் சொன்ன கேட் லிட்டருக்கு இங்கேதான் வேலை. லேபிளில் ஒரு துண்டு ஒட்டியிருந்தால்கூடக் கிழிக்காதீர்கள், பாதி எண்ணை வைத்தே கண்டுபிடிப்பார்கள். காருக்குள் வேண்டாம், பிக்கப்பின் பின்பக்கம் வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

நான் செய்த முட்டாள்தனம்: ஒரு தகர டப்பாவை மேலே பிடித்துத் தூக்கினேன். துருப்பிடித்த அடி அங்கேயே நின்றுவிட்டது. பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஏதோ என் ஷூ மேல். ஷூவைக் கழற்றி வாளிக்குள் போட்டு, அதையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. அன்றைக்கு வாங்கி எட்டு நாளான ஷூ.

சேகரிப்பு நாளன்று வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்றார்கள். வெள்ளை உடுப்பும் கையுறையும் போட்டவர்கள் இறக்கினார்கள், பட்டியலில் டிக் அடித்தார்கள். இருபது நிமிடம். ஒருவர் பாராதியான் கேனைத் தூக்கி இன்னொருவரிடம் காட்டித் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டுவார்கள் என்று நான் தயாராகப் போயிருந்தேன், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 24

"வாங்கி எங்கே கொட்டுகிறார்கள், வேறு யார் தலையிலாவதுதானே?" என்று ஒருவர் கேட்கிறார். சும்மா விதண்டாவாதம் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் பாதி உண்மை.

பாராதியான், டிடிடி மாதிரி கரிமச் சேர்மங்களை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடுள்ள உலையில் எரித்து உடைத்துவிடலாம். அதற்கான உலைகள் நாட்டில் சிலதான், டெக்சஸ், ஆர்கன்சா, யூட்டா, நெப்ராஸ்கா என்று வெகுதூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள். எவ்வளவு எரித்தாலும் ஈயம் ஈயமாகத்தான் இருக்கும். அதைச் சிமென்ட் போன்றவற்றோடு கெட்டிப்படுத்தி, அடியில் விரிப்புப் போட்ட தனிப் புதைகுழியில் வைக்கிறார்கள். அதாவது அது போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனாலும் என் கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளியிருந்த கொட்டகையைவிட அது நல்ல இடம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு தொந்தரவு 2,4,5-டி என்ற களைக்கொல்லி. வியட்நாம் போரில் காட்டு இலைகளை உதிர்க்க அமெரிக்கா கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி இதுதான். அதே சாமானை இங்கே முள்புதர் அழிக்கக் கடையில் விற்றிருக்கிறார்கள். அதில் டையாக்சின் என்ற கடும் நச்சு கலந்திருந்தது. ஓரிகனின் ஆல்சி பகுதிப் பெண்கள் தங்களுக்குக் கரு கலைவது பற்றி எழுப்பிய புகாருக்குப் பின் 1979இல் பெரும்பாலான உபயோகங்களை அவசரமாக நிறுத்தினார்கள், 1985இல் முழுத் தடை. டையாக்சின் இருப்பதால் எல்லா உலைகளும் இதை வாங்காது. உங்கள் பட்டியலில் "பிரஷ் கில்லர்" என்று ஏதாவது இருந்தால் தனியாகக் குறித்துச் சொல்லுங்கள்.

மார்ச் 2

பிப்ரவரி 10இல் பதினொரு "தெரியவில்லை" என்று எழுதினேன். நேர்மை என்று வேறு பீற்றிக்கொண்டேன். உண்மையில் பன்னிரண்டு.

குடிவந்த முதல் வாரம், கொட்டகை வாசலில் மூடியில்லாத ஒரு கேனில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. மழைத் தண்ணீர் என்று வேலியோரம் சாய்த்தேன். இரண்டு வாரத்தில் அங்கே புல் கருகி, தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. மனைவிக்கு எறும்பு மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் தமிழ்த் தளங்கள் படிப்பதில்லை.

இதுவும் முதல் தடவை இல்லை. ஊரில் பருத்திக்கு மருந்தடிக்கும் நாளில் காலி பாட்டில்களைப் பொறுக்கி, தோட்டத்து மூலையில் இருந்த பாழுங்கிணற்றில் போடுவது என் வேலை. மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்ஃபான். பாட்டில் சுவரில் பட்டு உடைகிற சத்தம் கேட்பதற்காகவே தூரத்திலிருந்து எறிவேன். அப்பா ஒருநாளும் தடுத்ததில்லை. வேறெங்கே போடுவது? வரப்பில் போட்டால் காலில் குத்தும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் யாராவது மண்ணெண்ணெய் வாங்க எடுத்துப் போவார்கள். அவர் கண்டுபிடித்ததிலேயே பாதுகாப்பான இடம் அந்தக் கிணறுதான். அதே வரப்பில் இருபதடி தள்ளி நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது.

மார்ச் 4

"நம் ஊரில் சட்டமே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1971 பூச்சிக்கொல்லி விதிகளில் 44ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது: மிச்ச மருந்தும் காலி டப்பாவும் நீரைக் கெடுக்காதபடி அப்புறப்படுத்தப்பட வேண்டும், டப்பாக்களை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும். தயாரிப்பவர், அடிக்கும் தொழில் செய்பவர் பொறுப்பு அது. உழவரிடம் வந்து வாங்கிப்போகத்தான் ஆளில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திரவத்தைத் தடை செய்தபோதுகூட, இருப்பைக் காலாவதியாகும் வரை விற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அதே மருந்துதான் 2013இல் பீகாரில் சத்துணவு எண்ணெயில் இருந்தது, 23 குழந்தைகள். காலி டப்பா என்று எதையும் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் 20

கேள்வி கேட்டவர் பட்டியல் அனுப்பிவிட்டாராம், 43 வரி, 19 "தெரியவில்லை". என் சாதனை போயிற்று.

அவர் வீட்டு அம்மாவுக்குக் காய்கறித் தோட்டம் போட வேண்டுமாம். கொஞ்சம் பொறுங்கள். டப்பாவில் மிஞ்சியதைத்தான் கொட்டகையில் பார்த்தீர்கள், மிஞ்சாதது முழுக்க மண்ணில் இருக்கிறது. பழைய பழத்தோட்ட நிலம் சுமார் 1,87,000 ஏக்கரில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும் என்று மாநிலச் சூழலியல் துறை கணக்குச் சொல்கிறது. யாக்கிமாவும் வெனாட்சியும் அதற்குள்தான். அது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கும். மண்ணைச் சோதித்துப் பாருங்கள். அதுவரை பலகை அடித்து, வெளியிலிருந்து வாங்கிய மண் நிரப்பிய பாத்தியில் கீரை போடலாம். செருப்பை வாசலிலேயே விடுங்கள். அதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மே 11

நேற்று அப்பாவிடம் பேசும்போது இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கிணற்றைப் பற்றிக் கேட்டேன். மூடி பத்து வருடம் ஆயிற்று, மேலே இப்போது மாட்டுத்தொழுவம் என்றார். பிறகு சாதாரணமாக, "எரவாணத்துல ஒரு பாட்டில் இன்னும் சொருகி இருக்கு, உங்க ஊர்ல சர்க்காரே வாங்குதாமே, அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போ" என்றார். சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பாட்டிலை இறக்கி, மணல் போட்ட டப்பாவில் வைத்து, தங்கச்சி பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பெட்டியில் பூட்டச் சொல்லியிருக்கிறேன். சாவி அவர் இடுப்பில். இதற்கு மேல் அவருக்கு என்ன சொல்வது? ஊரில் யாருக்காவது நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

ஜூன் 1

கொட்டகையை இடிக்க ஆள் வந்தார்கள். அலமாரிக்குப் பின்னால், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு டப்பா. இலையுதிர்காலச் சேகரிப்புக்குப் படிவம் நிரப்பிவிட்டேன். பெயர்: தெரியவில்லை. அளவு: அரை டப்பா. நிலைமை: துரு. அடியைப் பிடித்துத்தான் தூக்கினேன்.